அவையச்சமும் கச்சேரி மேடையும்

1. கேள்வி

1901ஆம் ஆண்டு செல்லோ கலைஞர் பாப்லோ கஸால்ஸ் அமெரிக்காவில் இசைப் பயணத்தில் இருந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகே டமால்பயஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது உருண்டு வந்த பாறை ஒன்று அவருடைய இடது கையை நசுக்கியது. செல்லோவில் சுரம் பிடிக்கும் கை அதுதான். இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியே அந்தக் கணத்தில் தமக்கு முதலில் தோன்றியதாக, முதுமையில் எழுதிய நினைவுகளில் அவர் பதிவுசெய்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 24. கை குணமாயிற்று. தொண்ணூறு வயதைக் கடந்தும் வாசித்தார். மேடையேறுமுன் வரும் கலக்கம் மட்டும் அவரை விட்டு விலகவில்லை.

மேதைகளுக்கும் பயம் உண்டு என்று இளையவர்களைத் தேற்றுவதற்காகவே இந்த நிகழ்ச்சியை வழக்கமாகச் சொல்வார்கள். அந்தத் தேறுதலில் தவறில்லை. ஆனாலும் அதைத் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. கை நசுங்கியதில் ஒரு கலைஞர் விடுதலையை உணர்ந்தார் என்றால், அவர் ஏறிய மேடை அவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தது? அச்சம் அவருடைய மனத்தில் மட்டும் இருந்ததா, மேடையின் அமைப்பிலும் இருந்ததா?

இசைக் கலைஞர்களின் மேடை நடுக்கத்தைப் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய வாத்தியக் குழுக்களையும் இசைக் கல்லூரிகளையும் களமாகக் கொண்டவை. அங்கே கண்டறிந்தவை கர்நாடகக் கச்சேரி மேடைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அச்சத்தின் உடலியல் எல்லா மேடைக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த அச்சம் எதைப் பற்றிக்கொள்கிறது, எந்த இடத்தில் தணிகிறது என்பதை இசையின் வடிவமே பெருமளவு தீர்மானிக்கிறது. நம் கச்சேரி வடிவத்துக்குள் நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகள் பல இருந்தன. அவற்றை நாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

2. பழைய நூல்கள் சொல்வது

இசையில் அச்சம் என்பது நவீன உளவியல் கண்டெடுத்த பொருளன்று. சாமகானத்தின் ஓதுமுறையையும் இசையையும் பேசும் நாரதீய சிக்ஷை பாட்டின் குற்றங்கள் என்று பதினான்கை எண்ணுகிறது. அந்தப் பட்டியலின் தொடக்கத்திலேயே ஐயுற்றுப் பாடுவதும் அஞ்சிப் பாடுவதும் வந்துவிடுகின்றன. சொல் தெளிவின்மை, மூக்கால் பாடுதல், காக்கைக் குரல், சுரம் பிறழ்தல், தாளம் தவறுதல் போன்றவை அவற்றைத் தொடர்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் பாடகருக்குரிய குற்றங்களாக இருபத்தைந்தைச் சொல்கிறது. அஞ்சுபவர், ஐயுறுபவர், நடுங்குபவர் ஆகிய மூவரும் அதில் தனித்தனியே இடம்பெறுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவதும் கண்ணை மூடிக்கொண்டு பாடுவதும்கூட அங்கே குற்றங்களே. இவ்விரண்டும் பல வேளைகளில் நடுக்கத்தை மறைக்கப் பாடகர் கைக்கொள்ளும் வழிகள் என்பதைக் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் அறிவார்கள்.

இப்பட்டியல்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். அச்சம் பாடகரின் குறை, அதைக் களையாதவர் பாடத் தகுதியற்றவர் என்று கொள்வது ஒரு வழி. எனக்கு மற்றொரு வாசிப்பே பொருத்தமாகப் படுகிறது. நாரதீய சிக்ஷையின் பட்டியலில் அச்சம் காக்கைக் குரலோடும் மூக்கொலியோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. அதாவது அந்த நூல் பாடகரின் உள்ளத்தை எட்டிப் பார்க்கவில்லை. காதில் விழுவதைச் சொல்கிறது. அச்சம் கேட்கக்கூடிய ஒன்று. மூச்சு குறுகிச் சொல் உடைவதாகவும், சுரம் நிலைகொள்ளாமல் அலைவதாகவும், காலப்பிரமாணம் ஓடுவதாகவும் அது வெளிப்படுகிறது. நெஞ்சு படபடக்கப் பாடியும் அது ஒலியில் தெரியாமற்போனால் அந்தப் பட்டியலின்படி அங்கே குற்றமில்லை. இந்த வேறுபாடு பின்னால் நமக்குப் பயன்படும்.

திருக்குறளின் அவையஞ்சாமை அதிகாரத்தை இசைக் கலைஞர்களுக்கும் எடுத்துக்காட்டுவது வழக்கம். கற்றும் அவைக்கு அஞ்சுபவரைக் கல்லாதவரினும் கீழே வைக்கும் கடுமை அதில் இருக்கிறது. ஆனால் அது அமைச்சியலில் வருகிறது. அங்கே பேசப்படும் அவை அரசியல் அவை. வாய் திறக்க அஞ்சும் அமைச்சரால் நாடு கெடும் என்ற கவலையிலிருந்து பிறந்த கடுமை அது. பதினான்கு வயதுப் பெண் தோடியில் தடுமாறுவதை அளக்க அந்தக் கோலை எடுக்கக் கூடாது. அதைவிட அந்த அதிகாரத்துக்கு முன் அவையறிதல் வைக்கப்பட்டிருக்கும் முறையே நமக்கு உதவும். அவை இன்னதென்று அறிந்த பிறகே அஞ்சாமை பற்றிய பேச்சு வருகிறது.

3. உடலும் அதன் விதிகளும்

அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, சிறு தசைகள் நடுங்குகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. ஓடுபவருக்கு இதனால் நன்மை உண்டு. வயலின் கலைஞருக்கோ நீண்ட வில்லிழுப்பில் நடுக்கம் ஏறுகிறது. வீணையில் வியர்த்த விரல் தந்தியில் வழுக்குகிறது. புல்லாங்குழலுக்கும் நாகஸ்வரத்துக்கும் உலர்ந்த உதடு பகை. வாய்ப்பாட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே உடலே வாத்தியம். குரல்வளை மேலேறி இறுகுகிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது, கீழ்ஸ்தாயி காணாமற்போகிறது.

அளவான பதற்றம் நல்லது, குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல் என்று கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோட்டை வரைந்து காட்டுவது இசைப் பயிலரங்குகளில் வழக்கமாகிவிட்டது. யெர்க்ஸ்–டாட்சன் விதி என்று அதற்குப் பெயரும் சொல்வார்கள். 1908இல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் செய்தது எலிகளைக் கொண்ட சோதனை. வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறிய எலிகளைப் பழக்கினார்கள், தவறினால் மின்னதிர்ச்சி. பிரித்தறிவது எளிதாக இருந்தபோது அதிர்ச்சி வலுக்க வலுக்க எலிகள் விரைவாகக் கற்றன. கடினமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியே பலன் தந்தது. மேடையோ அச்சமோ அந்தச் சோதனையில் இல்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறர் அதை மனக்கிளர்ச்சிக்கும் செயல்திறனுக்குமான பொது விதியாக விரித்தார்கள். அளவான பதற்றம் உதவும் என்பது கலைஞர்கள் பலரின் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதை நிறுவப்பட்ட அறிவியலாக மாணவருக்குச் சொல்வது சரியன்று.

1965இல் ராபர்ட் ஜாயன்ஸ் முன்வைத்த கருத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளம் உண்டு. பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம்முள் எது ஆழப் பதிந்திருக்கிறதோ அதுவே ஓங்கி வெளிப்படும் என்றார் அவர். நன்கு படிந்த பாடம் அவையில் மேலும் துலங்கும். அரைகுறையாகப் படிந்தது அவையில் மேலும் கெடும். போதிய சாதகம் இல்லாததால்தான் பயம் என்று குருமார்கள் சொல்வதற்கு இது வலுச் சேர்க்கிறது. ஆனால் பாதி வலுவைத்தான். கஸால்ஸுக்குச் சாதகம் போதவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

மீதிப் பாதியை விளக்குவது வேறொரு ஆய்வு மரபு. நன்கு பழகிய கைவேலை தானாக ஓடும். நெருக்கடியில் அதை உற்றுக் கவனித்து ஒவ்வொரு அசைவையும் மேற்பார்வை பார்க்கத் தொடங்கினால் அது தடைப்படுகிறது என்று சையன் பைலாக் போன்றோர் காட்டியிருக்கிறார்கள். காலங்காலமாகப் பாடிய கமகத்தைத் திடீரென்று, இது சரியாக விழுகிறதா என்று தொண்டையைக் கவனித்துக்கொண்டே பாடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாதகம் குறைந்தவர் ஒரு வழியில் தடுமாறுகிறார், சாதகம் மிகுந்தவர் வேறு வழியில். இரண்டு பேருக்கும் ஒரே மருந்தாக இன்னும் சாதகம் செய் என்பது பயன்தராது.

4. மாத்திரை

இதயநோய்க்காக 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ப்ரொப்ரனலால், பீட்டா தடுப்பான்கள் என்ற மருந்து வகைக்கு வழி திறந்தது. அட்ரினலின் இதயத்திலும் தசைகளிலும் போய் ஒட்டும் இடங்களை இவை அடைத்துவிடும். படபடப்பும் நடுக்கமும் குறையும். 1977இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வொன்றில் 24 இசைக் கலைஞர்களுக்கு இவ்வகையைச் சேர்ந்த ஆக்ஸ்ப்ரெனலாலையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எப்போது தரப்பட்டது என்பது வாசித்தவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. மருந்து உண்டபோது பதற்றம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. முதல் முறை வாசித்தபோதும், மிகுதியாக நடுங்குபவர்களிடமும் பலன் கூடுதலாக இருந்தது.

1980களில் அமெரிக்க சிம்ஃபனி வாத்தியக் குழுக்களில் நடந்த கணக்கெடுப்பில் 2,212 கலைஞர்கள் பதிலளித்தார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மேடை அச்சத்தைத் தமது பிரச்சினை என்று குறித்தார். 27 விழுக்காட்டினர் பீட்டா தடுப்பான்களை எப்போதாவது பயன்படுத்தியிருந்தார்கள்; அவர்களில் பலர் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே. இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு வியப்பைவிட வருத்தமே மிகுகிறது. உலகின் மிகத் தேர்ந்த இசைக் கலைஞர்கள் கூடியிருக்கும் மேடைகள் இவை. அங்கே இத்தனை பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்றால், அதை இத்தனை தனிமனிதர்களின் பலவீனம் என்று கூட்டிச் சொல்வது போதுமானதாக இல்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் ஆபத்தானவை, மூச்சுக்குழல் சுருங்கிவிடும். இதயத் துடிப்பு இயல்பிலேயே மந்தமாக உள்ளவர்களும் நீரிழிவுக்காரர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பாடகர்களிடம் செய்த சோதனையில் அளவு கூடியபோது பாட்டின் தரம் சற்றுத் தாழ்ந்தது. அத்துடன், நடுக்கத்தை இவை தணித்தாலும் மனத்தின் கவலையை நேரடியாகத் தொடுவதில்லை. நாரதீய சிக்ஷையின் கணக்கில் இது முழு வெற்றி, ஒலியில் அச்சம் தெரியாது. கலைஞரின் கணக்கில் பாதி வெற்றி.

நோய் என்று எப்போது சொல்வது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வகைப்பாட்டில், பிறர் முன் நிகழ்த்தும்போது மட்டும் எழும் அச்சம் சமூக அச்சக் கோளாற்றின் ஒரு கிளையாகக் குறிக்கப்பட்டது. மேடை வாய்ப்புகளைத் தொடர்ந்து தவிர்ப்பது, வாரக்கணக்கில் உறக்கம் கெடுவது போன்ற நிலைகளில் மருத்துவ உதவி தேவை. அதைத் தயக்கமின்றி நாட வேண்டும். கச்சேரிக்கு முன் கை சில்லிடுவது அந்த வகையைச் சேராது. இசைக் கலைஞர்களின் அச்சத்தை அளக்க வினாநிரல் ஒன்றை உருவாக்கிய சிட்னிப் பல்கலைக்கழகத்தின் டயானா கென்னி, அச்சத்தின் வகைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். குறிப்பிட்ட மேடையோடு நின்றுவிடும் அச்சமும், இளமையிலிருந்தே ஊறிய பொதுவான பதற்றத்தின் வெளிப்பாடான அச்சமும் ஒரே சிகிச்சைக்கு உரியவையல்ல என்ற அவருடைய எச்சரிக்கை நம் குருமார்களின் கவனத்துக்கும் உரியது.

5. கச்சேரி வடிவம்: தாங்கிக்கொள்பவை

இப்போது நம் மேடைக்கு வருவோம். மேற்கத்தியத் தனிப் பியானோக் கச்சேரியை முதலில் நினைத்துக்கொள்ளலாம். அரங்கில் முழு அமைதி. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு முதல் சுரம் எழ வேண்டும். எழுதப்பட்ட சுரங்கள் அனைத்தையும் நினைவிலிருந்து வாசிக்க வேண்டும். இந்த வழக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் கிளாரா ஷூமானும் லிஸ்டும் வேரூன்றச் செய்தது. அதற்கு முன் ஏட்டைப் பாராமல் வாசிப்பது அடக்கமின்மையாகவே பார்க்கப்பட்டது. கேட்பவர்கள் இறுதிவரை கைதட்டக் கூடாது என்ற ஒழுங்கும் அதே காலத்தில் இறுகியதுதான். ஷோபான் தம் வாழ்நாளில் ஏறத்தாழ முப்பது பொதுக் கச்சேரிகளோடு நின்று வீட்டுக் கூடங்களை நாடினார். ஹொரோவிட்ஸ் 1953இல் மேடையை விட்டு விலகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பினார். க்ளென் கூல்டு 1964இல் விலகி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனவர், பிறகு கச்சேரி மேடைக்குத் திரும்பவே இல்லை. ஒவ்வொருவருக்கும் காரணங்கள் வேறு. ஆனால் மூவரும் விட்டு விலகியது ஒரே வகை மேடையை.

நம் கச்சேரியிலோ முதல் சுரத்துக்கு முன்பே சுருதி ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாடகர் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் ஒலியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறார். அடுத்து வர்ணம். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரோடு இணைத்துப் பேசப்படும் கச்சேரிப் பத்ததியில் வர்ணம் முதலில் வருவதற்குக் குரல் பதமாகும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். அச்சம் உச்சத்தில் இருப்பது மேடையேறுவதற்குச் சற்று முன்னும் முதல் சில நிமிடங்களிலும்தான். அந்த நிமிடங்களில் பாடகர் பாடுவது சிறுவயது முதல் மூன்று காலத்திலும் பாடித் தேய்ந்த உருப்படி. அவர் மனத்தில் அதைவிட ஆழமாகப் பதிந்த பாடம் வேறெதுவும் இருக்காது. ஜாயன்ஸின் கருத்தைப் படித்துவிட்டு யாரோ வகுத்த வரிசை போலவே இருக்கிறது.

கிருதியின் அமைப்பும் அப்படித்தான். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. சங்கதிகள் எளியதிலிருந்து கடியதற்குப் படிப்படியாக ஏறுகின்றன. நான்காம் சங்கதி இன்று வராது என்று தோன்றினால் மூன்றோடு நிறுத்தலாம், கேட்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. சரணத்தின் அடுத்த அடி நினைவில் நழுவினால் இருக்கும் அடியையே இன்னொரு முறை எடுக்கலாம். அதற்குள் பின்பாட்டுப் பாடும் சிஷ்யரோ வயலின் கலைஞரோ அடுத்த அடியின் எடுப்பை மெல்லத் தொட்டுக்காட்டிவிடுவார். பியானோக் கலைஞருக்கு மொஸார்ட்டின் நடுவே இந்த வசதி இல்லை.

கேட்பவர்கள் இங்கே மௌனமாக இருப்பதில்லை. தலையசைப்பும் பலேயும் உடனுக்குடன் வருகின்றன. கைகள் தாளம் போடுகின்றன. கச்சேரி களைகட்டுவது என்று நாம் சொல்வது மேடையும் அவையும் சேர்ந்து செய்யும் காரியம். பாடுபவர் மதிப்பீட்டுக்காக இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து கர்நாடக மேடையில் அச்சம் குறைவு என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது. இங்கே அச்சம் இடம் மாறி நிற்கிறது. தாளம் போடும் அதே கைகள், எடுப்பு அரை அட்சரம் தவறினால் அந்தக் கணத்திலேயே அறிந்துவிடுகின்றன. கோர்வை சரியாக வந்து விழுந்ததா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை; கணக்கு பொய் சொல்லாது. பல சபாக்களில் அவையின் விளக்குகள் அணைக்கப்படுவதில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வித்வானின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆலாபனையில் எழுதிவைத்த சுரங்கள் இல்லாததால் மறதிக்கு வேலையில்லை என்பது உண்மை. அங்கே வேறொரு அச்சம் குடியிருக்கிறது. கற்பனை இன்று வருமா? மனோதர்மத்தை நம்பி மேடையேறுபவருக்கு மனம் வறண்டுவிடுவதே பெரும் பயம். பக்கவாத்தியமும் எப்போதும் துணையாக நிற்பதில்லை. வித்தையை நிலைநாட்டும் போட்டியாகப் பல்லவி மாறிய கதைகள் நம் இசை வரலாற்றில் ஏராளம்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையிலிருந்து பலர் எழுந்து வெளியே போகும் வழக்கத்தை இங்கே கண்டித்தாக வேண்டும். எழுபவர்களுக்கு அது காப்பி வேளை. மிருதங்கம் வாசிக்கும் இளைஞருக்கு அது தம்மைப் பற்றிய தீர்ப்பாகத் தெரிகிறது. பிறர் நம்மை எந்த அளவுக்குக் கவனிக்கிறார்கள் என்பதை மனிதர்கள் மிகையாகவே மதிப்பிடுகிறார்கள் என்று தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட சோதனைகள் காட்டின. நம் பதற்றம் பிறருக்குத் தெரிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் அளவும் மிகைதான். இதை மேடையேறும் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது. எழுந்து போகாமலிருப்பது அதைவிட நல்லது.

6. யாருக்கு அதிகம்?

ஆஸ்திரேலியாவின் 8 முன்னணி வாத்தியக் குழுக்களைச் சேர்ந்த 377 கலைஞர்களிடம் கென்னி குழுவினர் செய்த ஆய்வில் இளையவர்களிடமும் பெண்களிடமும் அச்சம் மிகுந்திருந்தது. இதை மனஇயல்பின் வேறுபாடு என்று முடித்துவிடுவது எளிது. நம் வரலாறு அப்படி முடிக்க விடவில்லை. டி.கே. பட்டம்மாள் போன்றோர் பொதுமேடையேறிய காலத்தில் பிராமணக் குடும்பத்துப் பெண் சபையில் பாடுவதே கேள்விக்குள்ளானது. ராகம் தானம் பல்லவி பெண்களுக்கு ஆகாது என்றார்கள். முன்னணிப் பக்கவாத்தியக் கலைஞர்கள் பலர் பெண்களுக்கு வாசிக்க மறுத்தார்கள். தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்களோ பாட்டுக்கு முன் தங்கள் பிறப்புக்கே விடைசொல்ல வேண்டியிருந்தது. ஒரு தவறு ஆணுக்கு அன்றைய தவறாக நிற்கும், பெண்ணுக்கு அவள் இனத்துக்கே சாட்சியாக்கப்படும். அத்தகைய மேடையில் கூடுதலாக நடுங்குவது மனநோயின் அறிகுறி அன்று, நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டதன் அடையாளம்.

7. பயிற்சியில் எது நிற்கிறது

இவ்வகை அச்சத்துக்கான சிகிச்சைகளில், எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துப் பழக்கும் முறைக்கே மற்றவற்றைவிடச் சான்று அதிகம். அதன் முதுகெலும்பு, அஞ்சும் சூழலைச் சிறு படிகளாகப் பிரித்து ஏறுவது. லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் ஏரன் வில்லியமனும் சகாக்களும் மெய்நிகர் அவையைத் திரையில் காட்டி, மேடைக்கு முந்தைய காத்திருப்பு முதல் எல்லாவற்றையும் ஒத்திகை பார்க்கும் கூடத்தை அமைத்தார்கள். குருவின் பின்னால் அமர்ந்து முதலில் தம்பூரா மீட்டுவது, பிறகு மேல்ஸ்தாயியில் மட்டும் சேர்ந்து பாடுவது, பிறகு ஓர் அடியைத் தனியே எடுக்கக் குரு கைகாட்டுவது, அதன் பின் ஒரு சுற்று ஸ்வரம் பாட விடுவது என்று நம்மிடம் இருந்த பின்பாட்டு முறை இந்தப் படிகளை நிஜ மேடையிலேயே, நிஜ ரசிகர்கள் முன்னிலையிலேயே ஏற வைத்தது. ஆண்டுக்கணக்கில் பின்னால் உட்கார்ந்தவர் அரங்கேறும்போது அவை அவருக்கு அந்நியமாக இருக்காது. அவையறிதல் முதலில் நிகழ்ந்துவிடுகிறது. குருகுலத்தில் கொடுமைகளும் இருந்தன. அதைப் பொற்காலமாக்க நான் முயலவில்லை. இந்த ஓர் ஏற்பாட்டைக் குறித்து மட்டும் சொல்கிறேன்.

நினைவு குறித்து ரோஜர் சாஃபின் செய்த ஆய்வு தனிக் கவனத்துக்குரியது. கேப்ரியேலா இம்ரே என்ற பியானோக் கலைஞர் பாஹின் இத்தாலியன் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியைப் பாடம் செய்வதைத் தொடக்கம் முதல் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். தேர்ந்தவரின் நினைவில் பாட்டு ஒரே சங்கிலியாக மட்டும் இருப்பதில்லை. அங்கங்கே அடையாளக் கற்கள் நட்டிருக்கின்றன. சங்கிலி அறுந்தால் அடுத்த கல்லுக்குத் தாவித் தொடரலாம். பல்லவியிலிருந்து மட்டுமே பாடிப் பழகிய மாணவர் நடுவில் விட்டால் பல்லவிக்கே திரும்ப வேண்டியிருக்கும். அனுபல்லவியிலிருந்து, சரணத்தின் நடு ஆவர்த்தத்திலிருந்து, சிட்டைஸ்வரத்தின் பாதியிலிருந்து என்று எங்கிருந்தும் எடுத்துப் பாடச் சொல்லும் ஆசிரியர் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் கற்களை நட்டுக்கொண்டிருக்கிறார்.

கவனத்தை எங்கே வைப்பது என்பதிலும் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. 2011இல் ராபர்ட் டியூக்கும் சகாக்களும் செய்த சோதனையில், விரலைக் கவனித்து வாசித்தவர்களைவிட எழும் ஒலியைக் கவனித்து வாசித்தவர்களின் வாசிப்பு சீராக இருந்தது. தடுமாறும் மாணவரிடம் தொண்டையை மறந்துவிட்டுச் சுருதியில் காதை வை என்று சொல்லும் பழைய அறிவுரை இதையே சொல்கிறது. கலைஞரின் கவனம் சாய்ந்துகொள்ளத் தம்பூரா இடம் தருகிறது, உள்ளே திரும்பிய மேற்பார்வையை வெளியே இழுக்கிறது. மின்னணுச் சுருதிப்பெட்டியை அருகில் வைத்துவிட்டு அதன் ஒலி மேடையில் கேட்கிறதா என்றுகூடப் பாராமல் பாடத் தொடங்குவோர் இந்தத் துணையை இழக்கிறார்கள்.

மூச்சைப் பொறுத்தவரை, தேர்ந்த இசைக் கலைஞர்கள் 46 பேரிடம் 2012இல் வெளியான ஆய்வு, மெதுவாக மூச்சுவிடும் பயிற்சியை அரை மணி நேரம் செய்தாலே, மிகுதியாக அஞ்சுபவர்களுக்குப் பலன் உண்டு என்றது. அதோடு இதயத் துடிப்பைக் காட்டும் கருவியைச் சேர்த்ததில் கூடுதல் லாபம் கிட்டவில்லை. அமைதியாக இரு என்று தனக்குத்தானே சொல்வதைவிட, இந்தப் படபடப்பு உற்சாகம் என்று பெயர்மாற்றிச் சொல்வது எளிது என்பது அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் கண்டது. கரோக்கே பாடவிருந்தவர்களில் உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிப் பாடியவர்களின் துல்லியம் 80 விழுக்காட்டை ஒட்டியது, பதற்றமாக இருக்கிறேன் என்று சொன்னவர்களுடையது 53ஐ ஒட்டியது. விளையாட்டுக் கருவி போட்ட மதிப்பெண் அது. பைரவி ஆலாபனையை அந்தக் கருவி அளக்காது. முயன்று பார்ப்பதில் நட்டமில்லை என்ற அளவில் இதை ஏற்கலாம்.

8. கழன்று போகும் ஏற்பாடுகள்

தொடக்கத்தில் சொன்னபடி, இந்த ஏற்பாடுகளை நாம் கழற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை. இன்று ஒரு சிறுமி முதன்முதலில் பாடும் மேடை பெரும்பாலும் போட்டி மேடை. நடுவர்கள் தாளைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். வர்ணம் பாடிக் குரல் பதமாக நேரமில்லை. நடுவர் கேட்ட ராகத்தை நேரடியாக எடுக்க வேண்டும். பக்கவாத்தியம் இல்லை, தலையசைப்பும் இல்லை. சில நிமிடங்களில் மணி அடித்துவிடும். அதாவது அச்சம் உச்சத்தில் இருக்கும் பொழுது மட்டுமே அவளுக்குத் தரப்படுகிறது. அது தணிந்தபின் வரும் பாட்டுக்கு இடமே இல்லை. கச்சேரி வடிவம் நெடுங்காலம் சேர்த்துவைத்த தாங்கிகள் அனைத்தும் அங்கே ஒரே நேரத்தில் நீக்கப்பட்டுவிடுகின்றன. அந்த மேடையில் நடுங்கிய குழந்தையைப் பார்த்துத்தான் இவளுக்குச் சபைக் கூச்சம் என்று பெற்றோர் முடிவெடுக்கிறார்கள்.

ஒலிப்பதிவும் இதே திசையில் தள்ளுகிறது. முன்பெல்லாம் தவறிய ஒரு பிடி அன்றிரவே கேட்டவர் நினைவில் கரைந்துவிடும். இப்போது அது கைபேசியில் வீடு போகிறது, யூடியூபில் நிற்கிறது. 2020 டிசம்பரில் பெருந்தொற்றினால் சங்கீத சீசன் இணையத்துக்குப் போனபோது கலைஞர்கள் வெற்றரங்கில் ஒளிப்பதிவுக் கருவியின் முன் பாடினார்கள். மதிப்பீடு இருந்தது, பலே இல்லை. கூல்டு நாடிய விடுதலை ஒலிப்பதிவுக் கூடம் என்றால், அது மீண்டும் மீண்டும் பதிவுசெய்து சிறந்ததைத் தேர்ந்துகொள்ளும் உரிமையோடு வந்த விடுதலை. ஒரே மூச்சில் பாடி நிரந்தரமாக நிற்க வேண்டியவருக்கு அந்த உரிமை இல்லை.

மாற்றக்கூடியவை பெரிய காரியங்களல்ல. போட்டி நடத்துபவர்கள் முதலில் மதிப்பெண் இல்லாத ஒரு வர்ணத்தைப் பாட விடலாம். ஒரு வயலினையும் ஒரு மிருதங்கத்தையும் மேடையில் நிலையாக அமர்த்தலாம். சபாக்கள் இளையவர்களின் நண்பகல் கச்சேரிகளைப் பதிவேற்றுமுன் அவர்களைக் கேட்கலாம். குரல் தளராத மூத்த வித்வான்களும் சிஷ்யர்களைப் பின்னால் அமர்த்திக்கொள்வதை மீண்டும் வழக்கமாக்கலாம். அவர்கள் அமரும் இடத்தில் ஒரு ஒலிவாங்கியையும் வைக்க வேண்டும்.